கோல் போஸ்ட்டிலிருந்து கோச் பெஞ்சுக்கு... ஸ்ரீஜேஷ் ஆடிய இரண்டாவது ஆட்டம்!

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால், 'ஹாக்கியை விட்டுட்டீங்களே' என்பார்கள். மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும், வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் பூமி. இந்த மண்ணில்தான் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி மட்டை பிடிக்கிறார்கள்.

2022 மே மாதம், ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையை இந்த ஊர் மறக்காது. கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தியும் அப்போதுதான் இந்திய அணியின் சட்டையை அணிந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் போட்டியிலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலம் வென்றது.

அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? சர்தார் சிங். 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன்.

பெரிய ஆட்டக்காரர் என்பதாலேயே ஒருவர் நல்ல பயிற்சியாளராகிவிட முடியாது. அவருக்குக் கைவந்த வித்தையை, அது இன்னும் கைகூடாத பையனுக்குப் புரியவைக்க வேண்டும். 'நான் ஆடிய காலத்தில்...' என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது!

இந்தச் சோதனையில் இறங்கிய இன்னொருவர், கேரளத்தின் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். அவருக்குக் கோல்கீப்பர் கவசம் வாங்க அப்பா வீட்டுப் பசுவை விற்ற கதை பலருக்கும் தெரியும். 2004-ல் ஜூனியர் இந்திய அணியில் நுழைந்த அந்தப் பையன், டோக்கியோ, பாரிஸ் என அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்கள் வென்றார். 2024 ஆகஸ்டில் ஓய்வு பெற்றதும் அவர் ஏற்ற பொறுப்பு, தான் தொடங்கிய அதே ஜூனியர் அணியின் பயிற்சியாளர் பதவி. அந்த டிசம்பரிலேயே மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என வென்று, அவரது பையன்கள் ஜூனியர் ஆசியக் கோப்பையைத் தூக்கினார்கள்.

அடுத்த ஆண்டு, ஜூனியர் உலகக் கோப்பை தமிழ்நாட்டுக்கே வந்தது. சென்னையிலும், கோவில்பட்டியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கும் மதுரையிலும் போட்டிகள். காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2 என சமநிலை. முடிவு பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. எதிரணி வீரர் பந்தோடு ஓடிவந்து கோல் அடிக்க 8 விநாடிகள்தான். அதைத் தடுக்கக் கோல்கீப்பர் ஒருவர் மட்டுமே. அந்த இடத்தில் நின்று நாட்டுக்கே வெற்றி தேடித்தந்த ஸ்ரீஜேஷ், இப்போது கோட்டுக்கு வெளியே. உள்ளே நின்றது இளம் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். அவர் தடுத்தார். 4-3 என இந்தியா வென்றது.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 எனப் பலத்த அடி. வெண்கலத்துக்கான போட்டியிலும் அர்ஜென்டினா 2-0 என முன்னிலை. கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது நம்மிடம் ஒரு கோல்கூட இல்லை. அதன் பிறகு 11 நிமிடங்களுக்குள் நான்கு கோல்கள்! 4-2. ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு வெண்கலம்.

பாரிஸில் மைதானத்துக்குள் நின்று வாங்கிய பதக்கத்துக்கும், சென்னையில் வெளியே நின்று பார்த்த பதக்கத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதலாவது அவர் உழைப்பு. இரண்டாவது, அந்த உழைப்பை அடுத்தவர் கையில் கொடுத்ததற்கான சாட்சி.

கரிசல் பூமிக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, காவல்துறை, ராணுவம் என்று வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏராளம். பொங்கலுக்கும் சித்திரைக் கொடைக்கும் ஊர் திரும்பும்போது, பழைய மைதானத்துக்கு ஒரு சாயங்காலம் போய் நின்றால் போதும். 'மட்டையை இப்படிப் பிடிடா தம்பி' என்று அண்ணன் ஒருவர் சொல்லித்தருவதற்காகக் காத்திருக்கும் ஒரு பையன் அங்கே நிச்சயம் இருப்பான்.