பணம் இருந்தாலும் கிடைக்காத கார்!

கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும். உலகத்தில் எல்லா வியாபாரமும் இப்படித்தான் நடக்கிறது.

ஒரு வியாபாரம் மட்டும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அங்கே கோடீசுவரர்கள் பணத்துடன் வந்து காத்து நிற்கிறார்கள். "உங்களுக்குக் கிடையாது" என்று கம்பெனி கையை விரித்துவிடுகிறது!

மிக வேகமாக ஓடும் அபூர்வ மோட்டார் கார்களின் வியாபாரம்தான் அது. "ஹைப்பர் கார்" என்று இந்தக் கார்களுக்குப் பெயர். இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஒரு சில கம்பெனிகளே. வாங்குகிறவர்கள் உலகம் முழுவதும் பரவியிருக்கும் பெரும் பணக்காரர்கள்.

வலிய வருகிற வாடிக்கைக்காரரைக் கம்பெனி ஏன் திருப்பி அனுப்புகிறது? அதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்?

முதல் மரியாதை யாருக்கு?

இத்தாலியில் மாரனெல்லோ என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. பெராரி கார் கம்பெனி அங்கேதான் உள்ளது.

2024 அக்டோபர் மாதம் இந்தக் கம்பெனி "எப்-80" என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதன் எந்திரங்களுக்கு 1,200 குதிரைச் சக்தி. நின்ற இடத்தில் இருந்து புறப்பட்டு மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 2¼ விநாடிகூட வேண்டாம்!

விலை 36 லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 33 கோடி ரூபாய்.

மொத்தம் 799 கார்கள்தான் செய்யப்படும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. உலகத்துக்குக் காரைக் காட்டியபோதே அத்தனை கார்களுக்கும் ஆள் குறித்தாகிவிட்டது.

அந்த 799 பேர் யார்? கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஒரு முறை இருக்கும் அல்லவா? இங்கேயும் அப்படி ஒரு முறை உண்டு. பல ஆண்டுகளாகப் பெராரி கார்களை வாங்கி, அவற்றை நல்ல முறையில் வைத்திருப்பவர்களுக்கே முதல் இடம்.

2002-ம் ஆண்டு "என்சோ" என்ற காரைச் செய்தபோதும் இதுதான் நடந்தது. கம்பெனியின் பழைய அபூர்வக் கார்களை வைத்திருந்தவர்களுக்கே முதலில் அழைப்பு போயிற்று.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அபூர்வக் கார் ஒன்று வேண்டும் என்றால், அதற்கு முன் சாதாரணப் பெராரி கார்கள் பலவற்றை வாங்கியிருக்க வேண்டும். ஆகவே ஒரு அபூர்வக் காரை விற்பதற்கு முன்பே கம்பெனி வேறு பல கார்களை விற்றுவிடுகிறது!

ஒன்று குறைவு

பெராரி கம்பெனியை ஏற்படுத்தியவர் என்சோ பெராரி. அவர் 1988-ல் காலமானார். எத்தனை பேர் கேட்கிறார்களோ அதைவிட ஒரு கார் குறைவாகவே செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை என்று சொல்வார்கள்.

"என்சோ" காரை 399 என்று செய்தார்கள். 2013-ல் வந்த "லா பெராரி" கார் 499. இப்போது வந்திருப்பது 799.

முகூர்த்த நாளில் மல்லிகைப் பூவின் வரத்து குறைந்தால் விலை ஏறுகிறது. வரத்து கூடியதும் இறங்கிவிடுகிறது. இந்தக் கார் வியாபாரத்தில் வரத்து கூடவே கூடாது. குறித்த எண்ணிக்கை முடிந்ததும் தோட்டத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துவிடுகிறார்கள்.

பிறகு அந்தக் கார் வேண்டும் என்பவர், முன்பே வாங்கியவரிடம்தான் போக வேண்டும். அவர் சொல்வதுதான் விலை. கிடைக்காதவரின் ஏக்கம், கிடைத்தவரின் லாபமாக மாறுகிறது.

மல்யுத்த வீரர் மீது வழக்கு

இந்த லாபமே ஒரு தகராறையும் உண்டாக்கியது.

அமெரிக்காவின் போர்டு கம்பெனி "போர்டு ஜி.டி." என்ற காரைச் செய்தது. 2016-ல் முதல் 500 கார்களுக்கு மனுக்கள் கேட்டது. ஒரே மாதத்தில் 6,506 மனுக்கள் வந்தன. வேலைக்கு ஆள் எடுப்பதுபோல மனுக்களைப் பரிசீலித்து, வாங்குகிறவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள்.

வாங்கியவர் 2 ஆண்டுகளுக்குக் காரை விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள்.

புகழ் பெற்ற மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனாவுக்கு ஒரு கார் கிடைத்தது. விலை சுமார் 4 லட்சத்து 63 ஆயிரம் டாலர். கார் கைக்கு வந்த சில வாரங்களில் அவர் அதை விற்றுவிட்டார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 2017 நவம்பரில் அவர் மீது கோர்ட்டில் வழக்குப் போட்டது. 2018-ல் வழக்கு ராஜியாகி முடிந்தது. சீனா மன்னிப்புக் கேட்டார். ராஜிப் பணம் தர்மத்துக்குப் போயிற்று.

அதே 2018-ல் இதே வகைக் கார் ஒன்று வேறு ஒருவரால் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை 16½ லட்சம் டாலர்! புதுக் காரின் விலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கம்பெனி ஏன் நிபந்தனை போட்டது என்பது இந்தக் கணக்கில் இருந்தே விளங்கும். இன்று வாங்கி நாளை விற்கும் தரகர்கள் உள்ளே புகுந்தால், லாபம் முழுவதும் அவர்களுக்கே போகும். உண்மையில் காரை விரும்புகிறவருக்கு எதுவும் மிஞ்சாது.

ஆனால் இதில் ஒரு கேள்வியும் எழுகிறது. முழு விலையையும் கொடுத்து வாங்கிய பிறகும் அந்தப் பொருளை விற்க உரிமை இல்லை என்றால், அதன் சொந்தக்காரர் யார்?

ஓடாத கார், ஓடிய கார்

வேகமாக ஓடுவதற்காகச் செய்த கார் இது. ஆனால் வாங்கிய பலர் அதை ஓட்டுவதே இல்லை! ஓடிய தூரம் குறைவாக இருந்தால்தான் ஏலத்தில் விலை கூடும் என்று காரைப் பூட்டி வைக்கிறார்கள்.

இங்கிலாந்தின் மெக்லாரன் கம்பெனி 1990-களில் "எப்-1" என்ற காரைச் செய்தது. ஓட்டுகிறவர் நடுவில் உட்காருவார். அவருக்கு இரு பக்கமும் ஒவ்வோர் ஆள் உட்காரலாம். எந்திரத்தின் சூடு மற்ற பாகங்களைத் தாக்காமல் இருக்க உள்ளே தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள்.

இந்த வகைக் கார் ஒன்று 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஏலம் போயிற்று. கிடைத்த விலை 2 கோடியே 4 லட்சம் டாலருக்கும் மேல். கால் நூற்றாண்டில் அந்தக் கார் ஓடியிருந்த தூரம் வெறும் 390 கிலோ மீட்டர்!

இதற்கு நேர்மாறானவர் ரோவன் ஆட்கின்சன். "மிஸ்டர் பீன்" என்றால் குழந்தைகளுக்கும் தெரியும்.

அவர் இதே வகைக் காரை 1997-ல் 6 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கினார். பூட்டி வைக்கவில்லை. 41 ஆயிரம் மைல் ஓட்டினார். 2011-ல் கார் ஒரு மரத்தில் மோதியது. அவருக்குத் தோளில் அடிபட்டது. பழுது பார்க்க ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது. இன்சூரன்சு கம்பெனி கொடுத்த தொகை 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. கார் வாங்கிய விலையைவிடப் பழுது பார்த்த செலவு அதிகம்!

அடிபட்ட அந்தக் காரை 2015-ல் அவர் விற்றார். விலை 80 லட்சம் பவுண்டு. ஆசை தீர ஓட்டியவருக்கும் வாங்கிய விலையைப்போல பன்னிரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது!

எல்லோருக்கும் லாபமா?

இதைப் படித்ததும், "கார் வாங்கினால் பணம் பெருகும்" என்று நினைத்துவிடக் கூடாது.

மெக்லாரன் கம்பெனி எப்-1 காரில் 300 செய்வதற்குத் திட்டம் போட்டிருந்தது. செய்தது 106 மட்டுமே. அந்தக் காலத்தில் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. அந்த விலைக்கு வாங்கப் போதிய ஆள் இல்லை. இன்று கோடி கோடியாக விலை போகும் கார், அன்று விற்பதற்கே சிரமப்பட்டது!

இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனியின் கதை இன்னும் மோசம். 1988-ல் "எக்ஸ்.ஜே. 220" என்ற காரின் மாதிரியைக் காட்டினார்கள். ஆளுக்கு 50 ஆயிரம் பவுண்டு முன்பணம் கட்டி, ஏராளமானவர்கள் வரிசையில் நின்றார்கள்.

பிறகு மந்தம் வந்தது. காரின் விலையும் ஏறியது. 12 சிலிண்டர் எந்திரம் என்று சொன்னது, 6 சிலிண்டராக மாறிவிட்டது. முன்பணம் கட்டிய பலர் காரை எடுக்க மறுத்தார்கள். விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் போதாது. வாங்க ஆசைப்படுகிறவர் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். அந்த ஆசை எப்போது குறையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏழை மக்களின் பணம்

வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் எக்வடோரியல் கினி என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. எண்ணெய் வளம் உண்டு. ஆனால் மக்களில் பெரும்பாலோர் ஏழைகள். 1979 முதல் ஒருவரே ஜனாதிபதி. அவருடைய மகன் துணை ஜனாதிபதி.

அந்த மகன் சேர்த்த கார்களை சுவிட்சர்லாந்து அதிகாரிகள் 2016-ல் பறிமுதல் செய்யத் தொடங்கினார்கள். 2019 செப்டம்பரில் ஜெனீவா அருகே 25 கார்கள் ஏலம் விடப்பட்டன. மொத்தம் 2 கோடியே 34 லட்சம் பிராங்க் கிடைத்தது.

அவற்றில் ஒன்று "லம்போர்கினி வெனேனோ" திறந்த கார். உலகத்தில் அந்த வகையில் 9 மட்டுமே உண்டு. அது ஒன்றே சுமார் 83 லட்சம் பிராங்குக்குப் போயிற்று.

ஏலப் பணத்தை எக்வடோரியல் கினி மக்களின் நலத் திட்டங்களுக்குச் செலவிட வேண்டும் என்று சுவிஸ் அதிகாரிகள் ஏற்பாடு செய்தார்கள். பொதுப் பணத்தைச் சுருட்டினார் என்று பிரான்சு நாட்டுக் கோர்ட்டும் அந்த மகனைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. 2021-ல் அந்நாட்டு மேல் கோர்ட்டு அதை உறுதி செய்தது.

சுனாமிக்கு உதவிய கார்

இதே கார்களால் நல்ல காரியமும் நடந்திருக்கிறது.

என்சோ கார் 399 என்று முன்பு பார்த்தோர், 400-வது கார் ஒன்றும் உண்டு என்பதை அறிய வேண்டும். அதைப் பெராரி கம்பெனி போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. அவர் அதை விற்றுத் தர்மத்துக்குக் கொடுக்கும்படி சொன்னார்.

2005 ஜூன் மாதம் அந்தக் கார் ஏலம் போயிற்று. போப்பாண்டவர் அப்போது உயிருடன் இல்லை. கிடைத்த 9½ லட்சம் யூரோவும், 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினம், இலங்கை, இந்தோனேசியா கரைகளைச் சூறையாடியதே, அதே சுனாமிதான்!

2016-ல் இத்தாலியில் பூகம்பம் வந்தபோது, 499 என்று சொல்லியிருந்த லா பெராரியில் இன்னும் ஒன்றைச் செய்தார்கள். அது 70 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அந்தப் பணம் இடிந்த ஊர்களைக் கட்ட உதவியது.

போப்பாண்டவரின் கார் 2015-ல் மீண்டும் ஏலத்துக்கு வந்தது. விலை 60½ லட்சம் டாலர். இந்த முறை பணம் விற்றவருக்குப் போயிற்று.

பத்து ஆண்டுகளில் அந்தக் காரில் புதிதாக எதுவும் சேரவில்லை. அதே எந்திரம், அதே நான்கு சக்கரம். ஆனாலும் விலை ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. காரணம், அதைப்போல இன்னொன்று கிடையாது என்பதுதான்.

அந்தக் கார் விலை குறைவாகப் போனது முதல் ஏலத்தில். கடலில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு உதவியதும் அந்த ஏலம்தான்.