செப்புத் தண்ணீர் எங்கே போகிறது?

இலத்திரனியலில் ஆசையுள்ள பிள்ளைகள் சுற்றுப் பலகையை வீட்டிலேயே செய்யலாம். 1936இல் லண்டனில் போல் ஐஸ்லர் வானொலிக்காக அச்சுச் சுற்றைத் தன் கையாலேயே செய்தார். போர் நடந்த தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றறியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டது யாழ்ப்பாணம். நம் பிள்ளைகளுக்கும் பலகை செய்வது கைவரும்.

செப்புத் தகடு ஒட்டிய பலகையைத் தேய்த்துக் கழுவி, ஒளி பட்டால் இறுகும் நீலப் படலத்தை இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி ஒட்ட வேண்டும். சுற்றின் கோடுகள் வெளிச்சம் விடவும் மற்ற இடம் கறுத்திருக்கவும் அச்சிட்ட தெளிதாளை மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்திக் கழியூதா விளக்கின்கீழ் வைப்பார்கள். விளக்கு இல்லையென்றால் வெயில் போதும். சித்திரைப் புத்தாண்டையொட்டி சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் ஊர் நமது. எவ்வளவு நேரம் என்பதைத் துண்டுப் பலகையில் அறியலாம். மட்டையால் மூடி, சிறிது சிறிதாக நகர்த்தினால், எந்தப் பட்டையில் கோடு கூராக நிற்கிறதோ அதுவே சரியான நேரம். பிறகு மேலுறையை உரித்து, லீற்றருக்கு 10 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரில் அலசினால், ஒளி படாத படலம் கரைந்துவிடும். வெளியே தெரியும் செம்பைப் பெரிக் குளோரைட்டுக் கரைசல் தின்றுவிடும்.

என் கவலை அதற்குப் பிறகுதான். தின்ற செம்பு எங்கும் போகவில்லை, கரைசலுக்குள்ளேயே இருக்கிறது. 35 மைக்ரோன் தடிப்பில் செம்பு ஒட்டிய, 10க்கு 15 சென்ரிமீற்றர் பலகையில் பாதிச் செம்பு கரைந்தால் 2 கிராமுக்கு மேல் வரும். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் செம்பே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பலகையின் கழிவு ஆயிரம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கும் மழைநீரே கிணற்றில் ஊறுகிறது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததை நாம் மறந்துவிடவில்லை.

ஆகவே கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கழிவைப் பிளாஸ்ரிக் வாளியில் சேர்த்து, சலவைச் சோடாவைச் சிறுகச் சிறுகப் போடுங்கள். நுரை அடங்கியதும் செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றையும் மேல்நீரையும் வளவில் ஊற்றாமல் மூடிய கலனில் வையுங்கள். பாடசாலை ஆய்வுகூடங்கள் இதற்கென ஒரு பீப்பாவை ஒதுக்கினால், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அதில் கொண்டுவந்து சேர்க்கலாம். பலகை செய்யக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் கழிவை அடக்குவதையும் அதே பாடத்தில், அதே நாளில் கற்றுக்கொடுக்க வேண்டும்.