காந்தி மண்டப வளாகத்தில் அயோத்திதாசர்: நினைவிடம் யாருக்கு?

சென்னை கிண்டி, சர்தார் பட்டேல் சாலையில் அமைந்துள்ள காந்தி மண்டப வளாகத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். 1956இல் காந்திக்கு எழுப்பப்பட்ட மண்டபத்தில் தொடங்கிய அவ்விடம், பின்னர் இராஜாஜி, காமராசர், பக்தவத்சலம் என ஆட்சியில் இருந்தோரின் நினைவிடங்களால் விரிந்தது. நாம் காண விரும்பியது இரட்டைமலை சீனிவாசனையும் அயோத்திதாசப் பண்டிதரையும்.

1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய சீனிவாசன், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்காக வாதிட்டவர். 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தனித்தொகுதி உரிமை, எரவாடா சிறையில் காந்தி மேற்கொண்ட உண்ணாவிரதத்தால் செப்டம்பர் 24இல் புனா ஒப்பந்தமாகச் சுருங்கியது. உண்ணாவிரதம் இருந்தவரின் பெயர் தாங்கிய வளாகத்திலேயே, அதனால் உரிமை இழந்த தரப்பின் பேராளருக்கும் நினைவிடம். ஒரே மதிலுக்குள் இருவரையும் நிறுத்துவது பிழையன்று. அவர்களுக்கிடையே நிகழ்ந்த வழக்கை மறைப்பதே பிழை.

அயோத்திதாசரின் மணிமண்டபம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அவரது 175ஆம் ஆண்டையொட்டி 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டபோது, அது வடசென்னையில் அமையும் என்றே கூறப்பட்டது. அமைந்ததோ கிண்டியில். பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய இராயப்பேட்டை வடசென்னை அன்று, அதை அறிவோம். ஆயினும் உழைக்கும் தலித் மக்கள் செறிந்து வாழும் வடசென்னையில் அமைந்திருந்தால், வேலை முடிந்து வீடு திரும்புவோர் மாலையில் பிள்ளைகளுடன் நடந்தே வந்திருப்பர். கிண்டிக்கு வர ஒரு விடுமுறை நாள் வேண்டும்.

பண்டிதரை நினைவில் வைத்திருந்தவர்கள் யார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1914இல் அவர் மறைந்தபின் அவரது எழுத்துகளைக் காத்தது அரசன்று, பல்கலைக்கழகங்களும் அல்ல. கோலார் தங்கவயல் பௌத்தர்கள் அவற்றை நூல்களாக அச்சிட்டனர். அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் போற்றி வைத்திருந்தனர். அவற்றைக் கொண்டே ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளில் திராவிட இயக்க வரலாறு எத்தனையோ முறை எழுதப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அவருக்கு ஒரு பத்திகூட இல்லை. இன்று சிலை வைப்போர் அந்த நீண்ட மௌனத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இன்னொரு மாலையை அன்று. ஓரணா, இரண்டணா என்னாது ஒரு பைசாவுக்கு இதழ் விற்றவர் அவர். ஏழைக்கும் எட்ட வேண்டும் என்பதே அவ்விலையின் பொருள். அவரது எழுத்துகளின் மலிவுப் பதிப்பு அம்மண்டப வாயிலிலேயே கிடைக்க அரசு ஆவன செய்யட்டும். வடசென்னைக்கென அறிவித்ததை ஈடுசெய்ய, அங்கே அவர் பெயரில் ஒரு படிப்பகமேனும் திறக்கட்டும். அடுத்த மே 20, பண்டிதரின் பிறந்தநாள். அதற்குள் இவ்விரண்டையும் செய்ய இயலும்.