டாக்டர் பரீட்சையா? பண மூட்டைப் பரீட்சையா?

பெரியநாயக்கன்பாளையத் தோழர்கள் சிலர், “நீட் பரீட்சை இருந்தால்தானே தகுதியுள்ளவன் டாக்டராவான்? அதை நாம் ஏன் கண்டிக்க வேண்டும்?” என்று கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்பரீட்சை எதை அளக்கின்றது என்று பார்த்த பிறகல்லவா தகுதியைப் பற்றிப் பேச வேண்டும்?

கேள்விகள் 180. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சரியானதற்கு 4 மார்க்கு. தப்புக்கு 1 மார்க்கு பிடித்தம். ஆக மொத்தம் 720. ஒன்றும் படியாதவன் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைத்தாலும் சராசரிக் கணக்கில் 45 சரியாகும், 135 தப்பாகும். 180 மார்க்கில் 135 போக 45 மிஞ்சும். கிளி ஜோசியக்காரனுடைய கிளிக்கும் இவ்வளவு கிடைக்கும்!

நிற்க, தேறுவதற்கு எவ்வளவு வேண்டும்? பொதுப் பிரிவுக்கு “50 பர்சன்டைல்” என்கிறார்கள். இதை நம்மவர்கள் நூற்றுக்கு ஐம்பது என்று நினைத்து ஏமாந்து போகிறார்கள். எழுதினவர்களில் பாதிப் பேரைத் தாண்டி நின்றால் போதும் என்பதே அதன் அர்த்தம். 2022-இல் அந்த மார்க்கு 720-க்கு 117. அதாவது நூற்றுக்குப் பதினாறு! இந்தப் பதினாறு வாங்கினவனிடம் பணமிருந்தால் தனியார் காலேஜ் கதவு திறக்கின்றது. அவனைவிட நூறு, இருநூறு மார்க்கு அதிகம் வாங்கியும் சர்க்கார் காலேஜில் இடம் எட்டாத மில் தொழிலாளியின் மகள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதற்குப் பெயர் தகுதியாம்!

மேற்படிப்புக்கான நீட்டின் யோக்கியதையோ இன்னும் வேடிக்கை. 2023-இல் இடங்கள் காலியாய்க் கிடந்தவுடன் தேறும் அளவைச் சைபர் பர்சன்டைல் ஆக்கிவிட்டார்கள். இடம் காலியானால் தகுதி தானே வந்துவிடும் போலும்.

2006-ஆம் வருஷச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு ஒழிந்து, 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கொண்டே தமிழ்நாட்டு சர்க்கார் இடங்கள் நிரப்பப்பட்டன. அப்படிப் படித்து வந்தவர்களும்தானே 2020-இல் கொரோனா நோயாளிகளைப் பார்த்தார்கள்? அவர்களிடம் எவனாவது நீட் மார்க்கு கேட்டானா? அதே 2020-இல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகிதம் தனியே ஒதுக்க வேண்டி வந்ததே, தராசு கோணல் என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு?

ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்துக் கற்பூரம் கொளுத்தும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-இல் ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் கேள்வித்தாள் வெளியானபோது அதைத் துப்புத் துலக்கியது போலீஸ்; எந்தச் சாமியும் அல்ல. கற்பூரக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு விஞ்ஞானப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் இந்த 117-க்குக் கணக்குக் கேளுங்கள்.