முதல் வாரம் பென்சில் வேண்டாம்

ஏப்ரல் பிறந்தால் போதும், ஊருக்கு ஊர் பேனர் கட்டிவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் மாணவர்களுக்குக் கோடைக்கால ஃபேஷன் டிசைனிங் பயிற்சி, முடிவில் சான்றிதழ். சென்னை, கோவை, திருப்பூர் என்றில்லை. நான்கு மெஷின் போட இடமிருக்கும் ஊரிலெல்லாம் இன்று இது நடக்கிறது. நடத்துகிறவர்களில் நம் வாசகர்களும் பலர். மேல்நிலைப் பள்ளியில் நெசவியலும் ஆடை வடிவமைப்பும் பாடம் எடுக்கும் தொழிற்கல்வி ஆசிரியர்கள், பொட்டிக் வைத்திருப்பவர்கள், ஏற்றுமதி கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர்கள். நமக்குள் பேசிக்கொள்வதால் சுற்றி வளைக்க வேண்டாம். இந்த வகுப்புகளில் பாடத்தின் வரிசையே தலைகீழாக இருக்கிறது.

முதல் வாரம் முழுக்கப் படம் வரைதல். ஒன்பது தலை உயரத்தில் ஒரு பெண்ணுருவம், அதற்கு நான்கு விதமான கவுன், கலர் பென்சில். நிஜ மனித உடம்பு ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம்தான். ஃபேஷன் படத்துக்காகக் கால்களை நீட்டி வரைவது தொழில் வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. துணியைத் தொடும் முன்பே இந்த உருவத்தைக் கையில் கொடுத்துவிடுவதுதான் சிக்கல். அந்தக் கவுனுக்குத் தோள் தையல் எங்கே விழும், தலை எப்படி நுழையும், ஜிப் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை விழிக்கும். பிறகு இரண்டாவது வாரம் அவசர அவசரமாக ஒரு பாவாடை. அதில் பாதியைப் பயிற்றுநரே தைத்துக் கொடுப்பார். கடைசி நாள் ரேம்ப், இசை, போட்டோ. பெற்றோருக்குச் சந்தோஷம். பிள்ளைக்குக் கையில் என்ன ஏறியது?

முதல் வாரத்தைப் பிரிப்பதற்கு ஒதுக்கலாம் என்பது எங்கள் யோசனை. ஒவ்வொருவரும் வீட்டில் கிடக்கும் பழைய சீருடைச் சட்டை ஒன்றைக் கொண்டுவரட்டும். அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் தருகிறார்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுப்பவை அவை. சின்னதாகிப்போன சட்டைக்குப் பஞ்சம் இருக்காது. சீம் ரிப்பரைக் கொடுத்து, துணி கிழியாமல் தையலை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். கடைசியில் போட்ட தையல்தான் முதலில் கழலும். பட்டன், அடி மடிப்பு, பக்கத் தையல், கை, காலர், தோள், பாக்கெட் என்று பின்னாலிருந்து வருகிறபோது, சட்டை தைக்கும் வரிசையைப் போர்டில் எழுதிப்போட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

பிரித்த துண்டுகளை அயர்ன் செய்து பிரவுன் ஷீட்டில் வைத்து வரைய வேண்டும். இங்கேதான் பென்சிலுக்கு முதல் வேலை. முன்பக்கத்தின் கை வளைவு பின்பக்கத்தைவிட ஆழமாகக் குடைந்திருப்பதை அப்போது கண்ணாலேயே பார்ப்பார்கள். இஞ்ச் டேப்பைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வளைவோடு ஓட்டி அளக்கச் சொல்லுங்கள். நன்றாக வெட்டிய சட்டையில் கையின் மேல் வளைவு, அது போய்ச் சேரும் குழியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ‘பெரியதை எப்படி சார் சின்னதில் வைத்துத் தைத்தார்கள்?’ என்று ஒருவராவது கேட்பார்கள். பேட்டர்ன் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். காலரையும் விடாதீர்கள். மேல் காலரும் கீழ்க் காலரும் ஒரே அளவாக இருந்தால் முனை ஏன் மேலே சுருண்டுகொள்கிறது, மேல் காலரை ஒரு நூல் பெரிதாக வெட்டினால் ஏன் படிந்து நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். எங்கள் அனுபவத்தில் எந்தப் பாடப்புத்தகப் படமும் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகவில்லை.

இரண்டாவது வாரத்துக்குக் காடா துணி போதும். பாவு வாக்கில் இழுத்தால் கொடுக்காது, ஊடை வாக்கில் கொஞ்சம் கொடுக்கும், கிராஸில் இழுத்தால் நீளும் என்பதைக் கை தானே தெரிந்துகொள்ளும். பக்கத்திலேயே ஒரு பனியன் துணியைப் போட்டுவிடுங்கள். அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, வளைய வளையமாகக் கோத்த நூல்தான். ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டாமல் அதை ஏன் ஆறப் போடுகிறோம் என்பது திருப்பூர்ப் பிள்ளைகளுக்கே பல பேருக்குத் தெரியாது. அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்தாலும் தெரியாது.

செலவு ஆகுமே என்பார்கள். பாரிஸில் 1912-இல் கடை திறந்த மதலேன் வியோன்னே, கிராஸ் கட்டில் உலகப் புகழ் பெற்றவர், சின்ன மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றித்தான் தன் ஆடைகளை யோசித்தார். முழு ஆளுக்குப் பதில் அரை அளவுப் பொம்மை வைத்தால் நீளமும் அகலமும் பாதியாகும், துணி கால் பங்குதான் ஆகும். ஒரு சட்டைக்கு ஆகும் துணியில் நான்கு முறை தப்பு செய்யலாம். பதினைந்து வயதில் தப்பு செய்யக் கிடைக்கும் வாய்ப்பு சின்ன விஷயமில்லை.

அளவெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வயதில் உடம்பு மாதத்துக்கு மாதம் மாறும். அதைப் பற்றிய கூச்சமும் உச்சத்தில் இருக்கும். வகுப்பு நடுவே நிறுத்தி மார்பளவு, இடுப்பளவு எடுத்து உரக்கச் சொல்லி இன்னொருவரை எழுத வைப்பது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. மறுநாள் இரண்டு பிள்ளைகள் வராமல் போனால் காரணம் தேட வேண்டியதில்லை. நம் ஊர் டெய்லர் கடைகளில் காலம் காலமாக இருக்கும் வழக்கம் இதற்குக் கைகொடுக்கும். அளவு ஜாக்கெட், அளவுச் சட்டை. அவரவர் வீட்டிலிருந்து நன்றாகப் பொருந்தும் உடையைக் கொண்டுவந்து, மேஜைமேல் விரித்து, அவரவரே அளந்து, அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். உடம்பின் மேல் டேப் வைத்தே ஆக வேண்டும் என்றால் பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

மெஷினில் உட்கார வைக்கும் முன் நூல் கோக்காமல் கோடு போட்ட தாளில் ஓட்ட விடுங்கள்; கோணல் தாளிலேயே தெரிந்துவிடும். பவர் மெஷின் நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் ஓடும். வேகத்தைக் குறைத்து வைக்காமல், விரல் காப்பு மாட்டாமல் அதன் முன் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

இன்னொன்று, சொல்லக் கசப்பானது. ‘பிராக்டிகல்’ என்ற பெயரில் கடை ஆர்டருக்கு ஹெம்மிங், ஊக்கு, காஜா எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைகளிடம் தள்ளிவிடும் இடங்கள் இருக்கின்றன. வைகாசி முகூர்த்த நெரிசலில் ஆள் கிடைக்காத கஷ்டம் நமக்கும் தெரியும். ஆனால் பீஸும் வாங்கிக்கொண்டு வேலையும் வாங்கினால் அதற்குப் பயிற்சி என்று பெயரில்லை. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பதே சட்டப்படி குற்றம். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் 13 வயதுக்காரர்களும் உண்டு.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிஃப்டில் இடம் கிடைக்குமா? இரண்டு வாரப் பயிற்சி எடுத்துவிட்டுக் கிடைக்கும் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். டெல்லியில் 1986-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குச் சென்னை வளாகம் வந்தது 1995-இல். அதன் பி.டிஸ். தேர்வில் படம் வரைவதோடு விட்டுவிடுவதில்லை. எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்குப் பொருட்களைக் கொடுத்துக் கையால் ஒரு வடிவம் செய்து காட்டச் சொல்லும் தேர்வும் உண்டு. துணியும் அட்டையும் கம்பியும் கையில் பழகாதவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். இடம் கிடைக்காத பிள்ளைக்கும் வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருப்பூர் கம்பெனி ஒன்றில் டிசைனர் ஒருவர் இருந்தால் அவரைச் சுற்றிப் பேட்டர்ன், சாம்பிள், தரச் சோதனை, மெர்சண்டைசிங் என்று எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டினால் பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள். மதுரையில் வகுப்பு நடத்துகிறவர்கள் கம்பெனிக்குப் பதில் சுங்குடிக்கு முடிச்சுப் போடும் வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

இரண்டு வாரத்துக்கு ‘டிப்ளமோ’ என்று சான்றிதழ் அச்சடிப்பதையும் நிறுத்திக்கொள்வோம். என்ன பிரித்தார், என்ன தைத்தார், எத்தனை மணி நேரம் மெஷினில் இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே போதும்.

அடுத்த ஏப்ரலுக்கான நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேம்புக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் தொகையில் ஆளுக்கொரு சீம் ரிப்பரும் வகுப்புக்கு வேண்டிய காடா துணியும் வாங்கிவிடலாம். இந்த வரிசையில் வகுப்பு நடத்திப் பார்த்தவர்கள், சரியாக வந்ததையும் வராததையும் ஜூன் இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.