பதிவு முதலில், விற்பனை பிறகு!

புதுச்சேரிக்கு மேற்கே இருக்கிறது வில்லியனூர். அந்த ஊர்ச் சுடுமண் வேலைப்பாடுகளும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊரில் செய்ததை "வில்லியனூர்ச் சரக்கு" என்று பொய் சொல்லி விற்றால் குற்றம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், இது காப்பது ஊரின் பெயரை. ஒரு தொழிலாளி இரவு பகலாக யோசித்து, யாரும் காணாத உருவத்தில் ஒரு விளக்கு செய்கிறார். அடுத்த தெருக்காரர் அதை அப்படியே அச்சு எடுத்து விற்கிறார். அப்போது புவிசார் குறியீடு உதவிக்கு வராது.

அதற்கு வேறு சட்டம் உண்டு. 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் அது. பொருளின் உருவம், கோலம், அலங்காரம் என்று கண்ணுக்குத் தெரிவதை அது காக்கிறது. விளக்கு எப்படி எரிகிறது என்பது அதில் சேராது.

பொருளைப் பல பக்கங்களிலும் படம் எடுத்து, எது புதுமை என்று எழுதி மனு கொடுக்க வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் கொடுக்கலாம். இணையம் வழியாகவும் அனுப்பலாம். தனி நபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பதிவானால் 10 ஆண்டு உரிமை. நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு. யாராவது திருடினால் நஷ்டஈடும், விற்பனைக்குத் தடையும் கேட்டு வழக்குப் போடலாம்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: மனு கொடுக்கும் முன் அந்த உருவம் வெளியே வந்திருக்கக் கூடாது. செய்தவரே கடையில் வைத்து விற்றிருந்தாலும் போச்சு! கைபேசியில் படம் எடுத்து ஊரெல்லாம் பரப்பியிருந்தாலும் போச்சு! மத்திய அரசு அறிவித்த கண்காட்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்து, 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. அவர்கள் நாட்டில் லியோன் என்ற பட்டு நகரம் இருக்கிறது. 1806-ம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே பட்டு உற்பத்தியாளர்கள் புதுக் கோலத்தின் மாதிரியை உறையில் போட்டு, முத்திரை வைத்து, தொழில் நியாய சபையில் ஒப்படைத்தார்கள். தகராறு வந்தால் உறையைப் பிரித்து, முந்தியவர் யார் என்று பார்த்தார்கள்.

மண் பிசையும் கைக்கு மனு எழுத நேரம் ஏது? அரசு அதிகாரிகள் வில்லியனூருக்கும் திருக்கனூருக்கும் நேரில் போகட்டும். படம் எடுத்து, மனு எழுதிக் கொடுக்கட்டும். கார்த்திகை விளக்கு விற்பனை தொடங்கும் முன்பே போக வேண்டும். சந்தை கலைந்த பிறகு போனால், அந்த வருஷத்துப் புது விளக்குக்குப் பதிவு கிடைக்காது.