எக்ஸ்ரேயில் தெரிந்தால்தான் அனுமதியா?
மூச்சுக்குழாயில் பொருள் சிக்கிய பெரியவர்கள் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

பெரியவர்களுக்கான பிராங்கோஸ்கோபிக்குக் காப்பீட்டு முன்அனுமதி வேண்டுமானால், சிக்கிய பொருள் எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்ற புதிய நிபந்தனையை உறுப்பினர்கள் அறிவர். பொதுக்குழுவில் நடந்த விவாதத்தை இங்கே திரும்பச் சொல்லவில்லை. செலவைக் கட்டுப்படுத்தும் தேவையைச் சங்கம் மறுக்கவில்லை. அவசியமில்லாத பரிசோதனைகள் நடப்பதே இல்லை என்றும் வாதிடவில்லை. ஆயினும் இந்த நிபந்தனையை, இப்போதுள்ள வடிவில், சங்கம் ஏற்கவில்லை.

நம் நோயாளிகளின் மூச்சுக்குழாயில் சிக்குபவை எவை? கொட்டைப்பாக்குத் துண்டு, புளியங்கொட்டை, வேர்க்கடலை, ஆட்டு எலும்பு, மூக்குத்தித் திருகாணி, பல்செட். திருகாணி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். எலும்பு தெரியலாம், இதய நிழலுக்குப் பின்னால் மறைந்தும் போகலாம். பாக்கும் கடலையும் பொதுவாகத் தெரியாது. பல்செட் செய்யும் அக்ரிலிக்கும் அப்படித்தான்: கம்பி இல்லாத சிறு பல்செட் உள்ளே கிடக்கும்போதே ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரலாம். கண்ணுக்குத் தப்பியதைத் தேடத்தான் குழாயை உள்ளே விடுகிறோம். முதலில் கண்ணுக்குக் காட்டு, பிறகு தேடு என்பவர்கள் எந்த வார்டில் வேலை பார்த்தவர்கள்?

குழந்தைக்குப் புரையேறினால் வீடே பதறுகிறது. பெரியவருக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுக்கிறோம். வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலம், அதிகம் சாயாதது. பொருள் பெரும்பாலும் அதன் வழியே கீழ் மடலுக்குள் இறங்கிவிடும். மூச்சு நின்றுவிடாது. இருமல் தணிந்ததும் நோயாளியே அதை மறந்துவிடுவார்.

நுரையீரல் மறப்பதில்லை. பொருளைச் சுற்றிச் சதை வளர்கிறது, அடைப்புக்கு அப்பால் சளி தேங்குகிறது, மடல் சுருங்குகிறது, அதே இடத்தில் நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது. மாதங்கள் போனால் சீழ்க்கட்டி, சளியில் ரத்தம், பிறகு என்றைக்கும் சரியாகாத மூச்சுக்குழாய் விரிவு. இரும்புச்சத்து மாத்திரை இன்னும் மோசம்: தான் கரைந்துபோய், அரித்துப் புண்ணாகிச் சுருங்கிய குழாயை விட்டுச்செல்லும். அதையும் எக்ஸ்ரேயில் காட்ட வேண்டுமாம்!

இத்தகைய நிழலைக் கண்டால் நம் ஊரில் முதலில் காசநோய் என்கிறார்கள். சளியில் கிருமி இல்லை, சிபிநாட்டும் நெகட்டிவ். ஆனாலும் ஆறு மாத மாத்திரை. கிருமி உறுதியாகாத நிலையிலும் மருத்துவரின் முடிவின்பேரில் சிகிச்சை தொடங்கத் தேசியத் திட்டம் இடமளிக்கிறது. அந்த இடம் தேவை என்பதே சங்கத்தின் கருத்து. பாக்குத் துண்டுக்கு ரிஃபாம்பிசின் கொடுக்க அது இடமளிக்கவில்லை. ஆறு மாதம் கல்லீரலைப் பணயம் வைத்த நோயாளி அதே இருமலோடு திரும்பி வரும்போது அவருக்கு யார் பதில் சொல்வது? பிராங்கோஸ்கோபிக் கட்டணம் மட்டும் செலவுக் கணக்கில் ஏறுகிறது. தேவையில்லாத மாத்திரையும் இழந்த கூலியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் குஸ்தாவ் கில்லியன் ஒரு விவசாயியின் வலது மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்ததில்தான் பிராங்கோஸ்கோபியே தொடங்குகிறது. எந்த நோயாளிக்காக அந்தக் கலை பிறந்ததோ அவருக்கே இன்று கதவு அடைக்கப்படுகிறது.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரேயைவிடக் கூடுதலாகக் காட்டும். அதையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. வளையும் கருவியா, வளையாக் கருவியா என்பதில் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; அந்தந்த மையத்தின் வசதிக்கும் பயிற்சிக்கும் ஏற்ப முடிவு செய்யலாம். பொருள் உள்ளே போகாமல் தடுப்பதும் முக்கியம்: பல் சிகிச்சையின்போது, இயன்றவரை, ரப்பர் டேம் பயன்படுத்தப்பட வேண்டும். பக்கவாத நோயாளிக்கு வாய்வழி உணவு தொடங்கும் முன் விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

சங்கம் கோருபவை:

1. எக்ஸ்ரேயில் பொருள் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை திரும்பப் பெறப்பட வேண்டும். புரையேறிய வரலாறு, ஒரே மடலில் மீண்டும் வரும் நிமோனியா, மருந்துக்கு மறையாத நிழல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதுமான காரணமாக ஏற்க வேண்டும்.

2. கிருமி உறுதியாகாமல் காசநோய் மருந்து தொடங்கும் முன், ‘சாப்பிடும்போது புரையேறியதா? பல்செட் காணாமல் போனதா?’ என்று கேட்டு, பதிலைப் பதிவுசெய்ய வேண்டும்.

3. அனுமதி மறுக்கப்பட்டால், மறுப்புக்கான காரணத்தையும் மறுத்தவரின் பதவியையும் உறுப்பினர்கள் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பதவியைக் குறிப்பிட வேண்டாம் என்று செயற்குழுவில் சிலர் கருதினர். பெரும்பான்மை முடிவின்படி அது சேர்க்கப்பட்டுள்ளது.